காசிமாயன் மகள் எழுதிய பரீட்சை

என் அண்ணன் மனைவி செல்லத்தாயைப் பற்றி யாராவது "அமைதியான பொண்ணு" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவளுக்குப் பேச்சு குறைவு, அவ்வளவுதான். பேச்சு குறைந்தவர்கள் எல்லாரும் அமைதியானவர்கள் என்று நினைப்பவர்கள் அவளோடு ஒரு மாதம் ஒரே அடுப்படியில் சமைத்துப் பார்க்க வேண்டும். நான் கல்யாணமாகிப் போகும்வரை பழங்காநத்தத்தில் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவள். அவள் மனதில் ஒன்றை வைத்துவிட்டால் அதை எடுக்க யாராலும் முடியாது. அவளாலேயே முடியாது.

அவள் எங்களுக்கு அந்நியம் இல்லை. எங்கள் தாய்மாமன் காசிமாயனின் மகள்தான். மாமாவுக்குச் செக்கானூரணிப் பக்கம் கொஞ்சம் பருத்திக்காடு, ஒரு கிணறு. அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் மகளை மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்து, விடுதியிலும் விட்டுவிட்டு வந்தார். ஊரில் அன்றைக்குப் பேசாத வாய் இல்லை. "பொட்டப்புள்ளைய ஆஸ்டல்ல விட்டுட்டு வந்திருக்கான் பாரு" என்றார்கள். மாமா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அவள் எடுத்தது கணக்கு. அதற்கும் காரணம் இருந்தது. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுக்கக் கணக்கு டீச்சரே வரவில்லை. கணக்கு வகுப்பு வந்தால் பெண்களெல்லாம் ஒருத்திக்கொருத்தி தலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். "அந்தக் கிளாஸுக்கு நாந்தான் போவேன்" என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாகச் சொல்வாள். பி.எஸ்ஸி. முடித்து, பி.எட். முடித்து, கணக்கு டீச்சர் ஆவது. இதுதான் அவளுடைய ஆசை. இதைத் தவிர வேறு ஆசை எதையும் அவள் வாயால் நான் கேட்டதில்லை.

பி.எஸ்ஸி.யில் எல்லாவற்றிலும் தேறி, மெக்கானிக்ஸ் என்ற ஒரே பேப்பரில் போய்விட்டாள். காய்ச்சல், தலைவலி என்று சாக்குச் சொல்ல மாட்டாள். "சரியாப் படிக்கல, பெயிலாயிட்டேன்" என்பாள். அடுத்த தடவை எழுதுவதற்குள் என் அண்ணன் விருமாண்டிக்கு அவளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பே மனுப் போட்டிருந்ததால் விருந்துக்குப் போய் வந்த அலைச்சலோடு போய் எழுதினாள், அதிலும் போனது. அதற்கடுத்த பரீட்சை நடந்தபோது பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த ஒரு பேப்பர் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய மீன் முள்ளாக நின்றது.

இந்த இடைவெளியில் பல்கலைக்கழகம் முறையையே மாற்றிவிட்டது. வருடத்துக்கு ஒரு பரீட்சை என்பது போய் செமஸ்டர் வந்தது. பாடமும் மாறியது. பழைய முறையில் படித்துப் பேப்பர் நின்றுபோனவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் பழைய கேள்வித்தாளைத் தனியாகப் போட்டுவந்தார்கள். 1981 அக்டோபரோடு அதுவும் முடிந்தது என்று அறிவிப்பு வந்தது. அதிலும் தவறியவர்கள் புதிய முறைக்கு மாற வேண்டும். நின்றுபோன ஒரு பேப்பருக்கு ஈடாகப் புதிய பாடத்தில் பல பேப்பர் எழுத வேண்டும். அதில் வகுப்பில் போடும் மார்க்கும் சேரும். அந்த மார்க் வேண்டுமென்றால் மறுபடி கல்லூரிக்குப் போய் பெஞ்சில் உட்கார வேண்டும். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தப் பெஞ்சில் உட்காருவது? ஆகவே அக்டோபரில் எழுதித் தேறினால் டீச்சர், இல்லையென்றால் இல்லை.

கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் அண்ணன் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்தான். பரீட்சை விண்ணப்பத்தை அவன்தான் வாங்கி வந்தான். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் அவனுக்குக் கர்வமும் உண்டு. "நான் பூர்த்தி பண்ணித் தாரேன், நீ புள்ளையப் பாரு" என்று உட்கார்ந்து எழுதினான். பெயர் போட வேண்டிய இடத்தில் வி. செல்லத்தாய் என்று எழுதினான். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கல்யாணம் ஆகும்வரை அப்பன் எழுத்து, ஆன பிறகு புருசன் எழுத்து. அதுதானே நம் நாட்டு வழக்கம்? ரேஷன் கார்டில் வி, ஓட்டர் லிஸ்டில் வி, பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வி. இதில் மட்டும் எப்படி வேறாக இருக்கும்?

பரீட்சைக்குச் சில நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வரவில்லை, ஒரு கார்டுதான் வந்தது. பழைய பாடத்திட்டத்தில் இந்தப் பெயரில் எவரும் பதிவாகவில்லை, வேண்டுமானால் புதிய முறையில் சேர விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் அதை வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தான். செல்லத்தாய் கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தாள். "கிளம்புங்க" என்றாள்.

பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நாங்கள் நாலு பேர் போனோம். அவள், அண்ணன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான், பிறகு எங்கள் சின்னய்யா பேயாண்டி. அப்பா இறந்த பிறகு அப்பாவின் தம்பியான அவர்தான் எங்கள் வீட்டுக்குப் பெரியவர். ஆபீஸ் காரியம் என்றால் மீசையுள்ள ஆள் ஒருவர் முன்னால் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அங்கே எங்களை விசாரித்தவர் ஜனகராஜ் என்ற அதிகாரி. மனிதர் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொல்லி, பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க போட்ட நம்பர் கே. செல்லத்தாய்ங்கிறவங்களோடது. மனு போட்டது வி. செல்லத்தாய். நம்பரும் பேரும் ஒத்து வரலையேம்மா."

"ரெண்டும் நாந்தான் சார். அப்பா பேரு காசிமாயன். கல்யாணத்துக்குப் பெறகு இவரு எழுத்தப் போட்டோம்."

"இருக்கலாம்மா. ஆனா ஒருத்தர் நம்பர்ல இன்னொருத்தர் எழுத வந்ததெல்லாம் நடந்திருக்கு. பழைய திட்டத்துல பேர் பதிஞ்சவங்களுக்கு மட்டுந்தான் இந்தக் கடைசிச் சலுகை. வி. செல்லத்தாய்னு ஒருத்தர் எங்ககிட்டப் படிக்கவே இல்ல."

வழி இரண்டு இருக்கிறது என்றார். பெயரை முறைப்படி மாற்றி அரசிதழில் போட்டு வரலாம், ஆனால் அதற்குள் பரீட்சை முடிந்துவிடும். இல்லையென்றால், வி போட்டது தவறு, இவள் கே. செல்லத்தாய்தான் என்று புருசன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி முதல்வர் ஆளைப் பார்த்து, எங்கள் மாணவிதான் என்று அதில் ஒப்பமிட வேண்டும். நாளை மாலைக்குள் வந்தால் ஹால் டிக்கெட் தருகிறேன் என்றார்.

அண்ணன் பேனாவை எடுத்துவிட்டான். சின்னய்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தடா எழுதப்போற? கட்டிக்கிட்டு வந்த பெறகும் அப்பன் பேர்லயே இருக்கான்னு நீயே எழுதிக் குடுக்கவா? நாளைக்கு ஊருக்குள்ள எவனாச்சும் கேட்டா, பொண்டாட்டிக்குப் பேரு குடுக்க வக்கில்லாதவன்னு சொல்ல மாட்டான்?"

அண்ணன் முகம் செத்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் அப்படி ஒரு வார்த்தை விழுந்தால் எந்த ஆண்பிள்ளைக்குத்தான் சுருக்கென்று இருக்காது? எனக்கே உள்ளுக்குள் கொஞ்சம் தைத்தது. எங்கள் வீட்டு எழுத்து அவ்வளவு மட்டமா என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன்.

செல்லத்தாய் எழுந்து நின்றாள். சின்னய்யா முன்னால் அவள் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"மாமா, வீட்ல நான் விருமாண்டி பொண்டாட்டிதான். அதுல யாருக்கும் சந்தேகம் வேணாம். ஆனா காலேஜுக்குப் போனது காசிமாயன் மக. பெயிலானதும் அவதான். பெயிலானவதான வந்து பாஸாகணும்? ஒங்க மருமக என்னைக்கு மாமா பெயிலானா?"

ஜனகராஜ் குனிந்து எதையோ தேடுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். சின்னய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதிகாரி சொல்லச் சொல்ல அண்ணன் எழுதினான். "நான் வி என்று எழுதியது தவறு" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"தவறுன்னே எழுதணுமா சார்?"

"வேற எப்படிப்பா எழுதுறது?"

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பரவாயில்லை, விடுங்கள் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் சொல்லவில்லை. "எழுதுங்க மச்சான்" என்றாள். அவன் எழுதினான். அந்த ஒரு வரியில் மட்டும் அவன் கையெழுத்து கோணலாக இருந்தது.

மறுநாள் கல்லூரிக்குப் போய் முதல்வரிடம் ஒப்பம் வாங்கி, மாலை ஆவதற்குள் ஹால் டிக்கெட்டோடு திரும்பினாள். சின்னய்யா எங்கள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் வேலைக்குப் போவான், வருவான், பிள்ளையைக் கொஞ்சுவான். அவளோடு பேச்சு மட்டும் இல்லை. நானாயிருந்தால் அழுது கரைந்திருப்பேன். அவள் அடுப்படிச் சிமெண்டுத் தரை முழுக்கச் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு, துடைத்து, மறுபடி போட்டு. நான் அந்தக் கணக்குகளைத் தாண்டித் தாண்டித்தான் சோறு வடித்தேன்.

"மதினி, அண்ணே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே, ஒரு வார்த்தை சமாதானமாச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"சொல்லுவேன் இருளாயி. இப்பச் சொன்னா, எழுத வேணாம்னு சொல்லிருவாரோன்னு பயமா இருக்கு. எழுதிட்டு வந்து கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்."

அவளுக்கும் பயம் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பரீட்சை அன்று கல்லூரி முழுக்கச் செமஸ்டர் எழுதும் பெண்கள் கூட்டம். அந்த மையத்தில் பழைய பாடத்திட்டத்துக்கு அவள் ஒருத்திதான். அவளுக்காக ஒரு கடைசி அறையைத் திறந்து, ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். மேற்பார்வைக்கு வந்த அம்மா ஒற்றைக் கேள்வித்தாள் இருந்த உறையைக் கிழித்து நீட்டியதை நான் பிள்ளையோடு வெளியே வாகை மரத்தடியிலிருந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தான். பசி. அவள் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்குக் கேட்காமல் இருக்காது. மேற்பார்வை அம்மாவே எட்டிப் பார்த்தார். செல்லத்தாய் தலையை நிமிர்த்தவில்லை. நான் புட்டிப்பாலைக் கொடுத்துக்கொண்டு கல்லூரி வாசல் பக்கம் தூக்கிப் போய்விட்டேன்.

முடிந்து வந்தவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ரவிக்கை நனைந்திருந்தது. "எப்படி மதினி?" என்றேன். "கேட்டதெல்லாம் எழுதிருக்கேன்" என்றாள்.

பின்னால் அவள் பி.எட். படித்ததும், திருவாதவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்ததும், அவளிடம் படித்த பெண்களில் எத்தனையோ பேர் கல்லூரிக்குப் போனதும் ஊருக்கே தெரிந்ததுதான். எனக்குச் சொல்லிச் சொல்லித் தீராதது ரிசல்ட் வந்த நாள்.

அந்தக் காலத்தில் பேப்பரில் வெறும் நம்பர்தான் போடுவார்கள். அண்ணன் காலையிலேயே பேப்பர் வாங்கக் கடைக்குப் போனான். போனவன் வரவில்லை. செல்லத்தாய் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். மதியமாகியும் அவனைக் காணோம். பெயிலாகிவிட்டது, அதைச் சொல்ல மனம் வராமல் எங்கோ உட்கார்ந்திருக்கிறான் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவுகட்டிவிட்டோம். அவள் அழவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் சாயும்போது அண்ணன் வந்தான். அவனுக்குப் பின்னால் காசிமாயன் மாமா, வேட்டியெல்லாம் காட்டுப் புழுதியோடு, கையில் மடித்த பேப்பரோடு. பேப்பர் வாங்கிய கையோடு அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. செக்கானூரணி பஸ்ஸில் ஏறி, வரப்பு வழியே காட்டுக்குள் நடந்து, பருத்தி எடுத்துக்கொண்டிருந்த மாமா முன்னால் போய் நின்றிருக்கிறான்.

செல்லத்தாய் அப்பாவையும் பார்த்தாள், அண்ணனையும் பார்த்தாள்.

"என்ன மாமா, காட்டப் போட்டுட்டு வந்துட்டீங்க?" என்று நான்தான் கேட்டேன்.

மாமா பேப்பரை விரித்து, அண்ணன் கோடு போட்டுக் கொடுத்திருந்த நம்பரின்மேல் விரலை வைத்தார்.

"மாப்ள வந்து கூப்பிட்டாரு தாயி. 'மாமா, ஒங்க மக பாஸாயிட்டா, வந்து நீங்களே அவகிட்டச் சொல்லுங்க'ன்னாரு."