தேருக்கு டிக்கெட்

“…ஒம்பது நாளும் சும்மா காட்டிட்டு, தேரு வரும்போ பைசா கேட்டா, அது திருவிழாவா மக்களே, சர்க்கஸா?” என்று கேட்டபடியே மீன் பாத்திரத்தை என் அறை வாசலில் இறக்கி வைத்தார் எங்கள் தெருவில் மீன் விற்கிற அக்கா. மறுநாள் கொடியேற்றம்.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை எங்கள் ஊர். 2013 வாக்கில், எங்கள் மாதா கோயில் திருவிழாவை இணையத்தில் நேரடியாகக் காட்ட ஒரு தளம் நடத்தி வந்தேன். வடசேரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாரும் சொல்லித் தராமல் தட்டித் தடவிக் கற்ற வேலை. சர்வர் எங்கோ கடல் கடந்த ஊரில் வாடகைக்கு ஓடியது. பார்க்கிற கூட்டம் கூடினால் தானாகப் பெருகும், கலைந்தால் சுருங்கும். அதற்கு முந்தின வருஷம் தேர் அன்று வளைகுடாவில் படகிலும் லேபர் கேம்பிலும் கிடந்த எங்கள் பையன்கள் மொத்தமாக வந்து நுழைய, ஒற்றை மெஷின் இரண்டு, நான்கு, எட்டு என்று முளைத்துக்கொண்டே போனதைப் பார்த்து எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. “மாதா எங்க கேபினுக்குள்ள வந்துட்டா அண்ணே” என்று ஒருவன் எழுதியிருந்தான். இப்போதும் அதை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

சர்வரோடு பில்லும் பெருகியது. என் கையிலிருந்து போட்டு அடைத்தேன். அந்த வருஷம் ஒரு வரும்படிக்கு வழியில்லை என்றால் தளத்தை மூட வேண்டியதுதான். விளம்பரம் போட்டுப் பார்த்தேன். ஜெபமாலைக்கு நடுவே சீட்டாட்டக் கம்பெனி வந்து நின்றது, பங்குத்தந்தை ஆள் விட்டுக் கூப்பிட்டார். மாதச் சந்தா வைக்கலாம் என்றால், பத்து நாள் திருவிழாவுக்கு வருஷம் முழுக்க எவன் கட்டுவான்? கடைசியில், பாதிக்கு மேல் சும்மா கொடு, ருசியானதைப் பூட்டி வை என்று பெரிய கம்பெனிகள் செய்கிற வழியைப் பிடித்தேன். தேருக்குக் கட்டணம் என்று தளத்தில் அறிவிப்பும் போட்டாயிற்று.

அக்காவின் மகன் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். ஊருக்கு வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இணையத்தில் பணம் கட்ட அவனிடம் கார்டும் கிடையாது. தேரைப் பார்க்க முடியாது என்று அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறான்.

பில் கதையை அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே சுவரில் ஒட்டியிருந்த திருவிழா நோட்டீஸைப் பார்த்தார். ஒவ்வொரு நாளுக்கும் கீழே ‘சிறப்பிப்போர்’ என்று போட்டிருக்கும். படகுக்காரர்கள் ஒரு நாள், மீன் விற்கும் பெண்கள் ஒரு நாள், இளைஞர்கள் ஒரு நாள். அன்றைய விளக்கும் வெடியும் அவர்கள் பொறுப்பு. காண வருவதோ ஊர் முழுக்க. நினைவு தெரிந்த நாள் முதல் நான் பார்க்கிற நோட்டீஸ்தான்.

“வெளிநாட்டுல நிக்கிய பிள்ளையளுக்கு இதுல ஒரு நாளும் இல்லையே,” என்றார். “ஒனக்க கம்ப்யூட்டர்லயும் பத்து நாளு கிடக்குல்லா? நாளு நாளா பிரிச்சுக் குடு. பைசா, வீட்டுக்கு அனுப்புறதோட சேந்து வரட்டு. ஏத்தவன் கட்டட்டு, எல்லாவனும் காணட்டு.”

உலகம் முழுக்க வலைபோட்டுத் தேடியது, என் தலைக்குப் பின்னால் பசை காயாமல் ஒட்டியிருந்திருக்கிறது. தேர் நாளுக்குத்தான் செலவு அதிகம், அதை யார் ஏற்பார்கள் என்று முனகினேன்.

அக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்து மகனுக்கு ஒரு மிஸ்டு கால் விட்டார். அவன் திருப்பி அழைத்ததும், சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. “ஏலே மக்கா, கூடக் கிடக்கிய பயலுவள எல்லாம் விளி” என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை என் மேசைமேல் வைத்தார்.