பாத்தின்னு நெனச்சு மிதிச்ச நாத்தங்கால்

எனக்கு எழுபத்தொரு வயசு. பெத்தது ஆறு. செத்துப்போன அக்கா பிள்ளைங்க ரெண்டையும் சேர்த்து எட்டு பேரை ஆளாக்கினேன். உப்பளத்துல நின்னு நின்னு காய்ஞ்ச காலு இது. எழுத்து எனக்குக் கையெழுத்தோட சரி. அதனால நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. மெதுவா எழுதட்டும், எனக்கொன்னும் அவசரமில்ல.

மார்கழிக் கடைசி. மழை விட்டிருந்தாலும் எங்க மரக்காணத்துல உப்புப் பாத்தி வேலை இன்னும் தொடங்கல. என் கடைசி மக லைசன்ஸ் எடுத்த புதுசு. "அம்மா, கார்ல கழனிப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா?"ன்னா. கார் அவ அண்ணனுது, அதான் இதை எழுதுற பேத்தியோட அப்பனுது. தினம் பஸ்ல தொங்கிட்டு வேலைக்குப் போறவ அவ, சாவி கைக்கு வந்ததும் றெக்கை மொளைச்சாப்ல ஆயிட்டா. அவன் குடுக்கும்போதே சொல்லிட்டான்: "ஒரு புகார் வரட்டும், அப்புறம் சாவியைக் கண்ணால பாக்க மாட்டே."

என் நாத்தனாரும் கெளம்பிட்டா. என்னைவிட ஆறு வயசு சின்னவ. முன்சீட்டுக்கு எங்களுக்குள்ள சண்டை.

"அண்ணி, நீங்க பின்னால ஏறுங்க. எனக்கு வாந்தி வரும்."

"வாந்தி வர்றவளுக்கு எதுக்குடி ஆறு இட்லி?"

முன்னால நான்தான் உக்காந்தேன்.

கடலை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு மேற்கால போனோம். எங்க பக்கம் கண்ணு போற தூரம் வெள்ளை. அங்க பாத்தா பச்சையிலேயே எத்தனை பச்சை! வேர்க்கடலைக்கு ஒரு பச்சை, நெல்லுக்கு ஒண்ணு, சவுக்குக்கு ஒண்ணு. முன்னால ஒரு டிராக்டர் பொங்கல் கரும்பை ரெண்டு பக்கமும் ஆட்டிக்கிட்டுப் போச்சு. அதை முந்துறப்ப நாத்தனா ஜன்னல் வழியா கைய நீட்டி ஒரு தோகையைப் புடிச்சிட்டா, விடவே மாட்டேங்குறா! "அத்தை, கைய உள்ள எடு!"ன்னு மக கத்துறா. ஓரிடத்துல ஏரி ரொம்பி ரோட்டுமேல ஓடுச்சு. மக மெதுவா எறக்கினா. தண்ணி ரெண்டு பக்கமும் தெறிக்க நாங்க மூணு பேரும் போட்ட கூச்சல்ல கொக்கெல்லாம் பறந்துடுச்சு. "இன்னொரு வாட்டி போலாமா?"ன்னு கேட்டது நான்தான்.

அப்புறம் ஒரு கழனி ஓரம் நிறுத்தினோம். சேறு கண்ணாடியாட்டம், மேல ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணி. எனக்கு உள்ளங்கால் நமநமன்னுச்சு. எங்க ஊர்ல உப்பு எடுக்கறதுக்கு முன்னாடி பாத்தித் தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு கெட்டிப்படுத்துவோம். யாரு பாத்தியா இருந்தாலும், வழியில போறவ நாலு மிதி மிதிச்சுக் குடுத்துட்டுப் போறது மரியாதை. "இன்னும் மிதிக்கலடி"ன்னேன். நாத்தனா அதுக்குள்ள புடவையத் தூக்கிச் சொருகிட்டா. ரெண்டு பேரும் எறங்கி, தோளைப் புடிச்சுக்கிட்டு, ஒரு மூலையில ஜம்முனு மிதிச்சோம்.

"ஐயோ! ஆயா! என்னா பண்றீங்க!"

மோட்டார் கொட்டாயிலிருந்து ஒரு அம்மா ஓடியாந்தா. கழனிக்காரி. "காலையிலதான் மொளை கட்டின விதை தெளிச்சேன். நாத்தங்காலைப் போட்டு இந்த மிதி மிதிக்கிறீங்களே! விதை உள்ள போனா அழுவிப்போவுமே!" கார்கிட்ட நின்ன மகளைப் பாத்து, "உங்க வூட்டு ஆம்பளை நம்பரைக் குடு"ன்னா.

மகளுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. சாவியை ரெண்டு கையாலயும் இறுக்கிக்கிட்டா. அண்ணனுக்குப் புகார் போனா சாவி போச்சே!

"ஆம்பளை நம்பர் எதுக்கும்மா? மிதிச்சவ நான், எதிர்லயே நிக்கிறேன். சேத்தைச் சமம் பண்ற பலகை எங்க, குடு"ன்னேன்.

எங்க பாத்தி வழக்கத்தைச் சொன்னேன். அவ நம்பல. நாத்தனா மிதிச்சுக் காட்டப் போயி, வழுக்கி, சேத்துல சப்பணம் போட்டு உக்காந்துட்டா. "கெட்டியாவே இல்ல அண்ணி, சரியா மிதிக்கல நாம"ன்னா! கழனிக்காரிக்கு அடக்க முடியாம சிரிப்பு வந்துடுச்சு. ஈரச் சாக்குல மிச்ச விதை இருந்துச்சு. நான் பலகையால அந்த மூலையைச் சமம் பண்ணேன், அவ திரும்பத் தெளிச்சா. கை கழுவும்போது, "தை கடைசியில நாத்து புடுங்கி நடணும், ஆள் கெடைக்கறதில்ல. வந்துடணும் ரெண்டு பேரும்"ன்னா. மக நம்பரை வாங்கிக்கிட்டுதான் விட்டா.

வூட்டுக்கு வந்தா, மவன் சீட்டுல அப்பியிருந்த சேத்தைப் பாத்தான். நான் ஒண்ணையும் மறைக்கல. அவன் சாவிக்காகத் தங்கச்சி முன்னால கைய நீட்டினான். அவளும் சாவியை வைக்கப் போனா.

"நில்லுடி. ஏன்டா, புகாரா வந்துச்சு? நடவுக்கு அழைப்பு இல்ல வந்திருக்கு! எங்களை யாரு கூட்டிட்டுப் போறது? சாவியை நீ வாங்கிக்கிட்டா, நீதான் லீவு போட்டு ஓட்டணும். உங்க அத்தை முன்சீட்டுல உக்காந்து கரும்புத் தோகையைப் புடிச்சுக்கிட்டே வருவா."

அவன் அத்தையைப் பாத்தான். அவ பல்லெல்லாம் தெரிய சிரிச்சா. நீட்டின கைய மடக்கி, "சீட்டையாவது கழுவித் தொலைங்க"ன்னு உள்ள போயிட்டான்.

ஏ பாப்பா, எழுதிட்டியா? எங்க, மொதல்லேருந்து படி. சத்தமா படி, உள்ள உங்கப்பனுக்கும் கேக்கட்டும்.