வாப்பா கார் பார்க்க வந்த சனிக்கிழமைகள்

எங்கள் வீட்டுக் கார் என்னைவிட மூத்தது. நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததே அதில்தான் என்று உம்மா சொல்வார். சாம்பல் நிறம், பின்கதவில் ஒரு நெளிவு, ஏசி போட்டால் முதலில் ஒரு பெருமூச்சு. அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் சுகர் லேண்டில் கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூடப் போக முடியாது. ஒருநாள் மாலை ஃப்ரீவேயில் வரும்போது டாஷ்போர்டில் பேட்டரி வடிவத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. உம்மா ரேடியோவை அணைத்தார், ஏசியை அணைத்தார், என்னையும் பேசாமல் வரச் சொன்னார். என் பேச்சுக்கும் கரண்ட் செலவாகும் போலிருக்கிறது என்று நினைத்து வீடு வரும்வரை வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. எதிர்வீட்டு அங்கிள் தன் காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார். அடுத்த நாளும் அதே கதை. உம்மா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தார். வேலை செய்ய அனுமதி கிடைக்காமல் பல வருடம் வீட்டிலிருந்துவிட்டு, பிறகு கிடைத்த வேலை அது. ஒருநாள்கூடத் தாமதமாகப் போகப் பிடிக்காது. தினமும் காலையில் எதிர்வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவது அதைவிடப் பிடிக்காது.

வாப்பா அப்போது காரில் மூன்று மணி நேரத் தூரத்திலிருந்த ரவுண்ட் ராக்கில் இருந்தார். ஆபீஸ் அங்கே மாறிவிட்டது, அதனால் வாப்பா அங்கே அபார்ட்மெண்டில் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எட்டு வயதில் அது போதுமான விளக்கம். என்னோடு படித்த பிள்ளைகளின் அப்பாக்களும் வாரம் முழுக்க எங்காவது பறந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் வெள்ளிக்கிழமை இரவு வீடு திரும்பிவிடுவார்கள், என் வாப்பா வருவதில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தினமும் மாலையில் வாப்பா போன் பண்ணுவார். உம்மா போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவார். கார் விஷயத்தை நான்தான் வாப்பாவிடம் உளறினேன். உம்மா மடித்த துண்டையே மறுபடி உதறி மடித்தார். அந்தச் சனிக்கிழமை காலை வாப்பாவின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது.

வாப்பா பெட்டி கொண்டுவரவில்லை. கருவிப் பையும், இரண்டு வயர் தொங்கும் மஞ்சள் மீட்டரும்தான் கொண்டுவந்தார். வீட்டுக்குள் வராமல் நேராக கராஜுக்குப் போய் பானெட்டைத் திறந்தார். உம்மா வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே இருந்த கதவருகில் நின்றார்.

"உம்மாட்ட கேளும்மா, லைட்டு விட்டு விட்டு எரியுதா, எப்பவுமே எரியுதான்னு."

"எப்பவுமேன்னு சொல்லு" என்றார் உம்மா.

இருவருக்கும் நடுவே நாலு எட்டு தூரம்கூட இல்லை. ஆனாலும் நான் திரும்பி வாப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். வீட்டில் எனக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் பூரிப்பு.

என்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதினான்கு வோல்ட் காட்ட வேண்டுமாம். எங்கள் கார் பன்னிரண்டைத் தாண்ட மறுத்தது. அன்றைக்கே பேட்டரியைக் கழற்றி, நானும் வாப்பாவும் உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தோம். பேட்டரியில் குறையில்லை. தற்காலிகமாக, இரவில் பேட்டரியில் மாட்டிவைக்க ஒரு சார்ஜர் வாங்கி வைத்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை பெல்ட்டைப் பார்த்தார். பிறகு, கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையே கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அதிலும் குறையில்லை என்றார்கள். எல்லாமே நன்றாக இருந்தது, கார் மட்டும் சரியாகவில்லை.

மதியம் உம்மா நெய்ச்சோறும் தால்ச்சாவும் தட்டில் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். வாப்பா கராஜில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார். தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்வருவார். கை கழுவத் தோட்டத்துக் குழாய். வீட்டுக்குள் வந்தால் தரையில் கிரீஸ் படும் என்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று நான் நம்பினேன்.

மூன்றாவது சனிக்கிழமை வாப்பா என்ஜினை ஓடவிட்டு மீட்டரின் வயரை ஆல்டர்னேட்டரில் வைத்துப் பார்த்தார். பதினான்கு. அதையே பேட்டரிக்குக் கொண்டுவந்து வைத்தார். பன்னிரண்டு. கரண்ட் உண்டாகிறது, வந்து சேருவதற்குள் எங்கோ தொலைகிறது என்று எனக்கு விளக்கினார். ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே போய், என்ஜினையும் காரின் உடம்பையும் சேர்க்கும் எர்த் வயரைக் கண்டுபிடித்தார். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பச்சையாக அரித்திருந்தது. புது வயர் போட்டதும் சிவப்பு விளக்கு அணைந்தது. நான் கை தட்டினேன்.

"இனிமே ப்ராப்ளம் இல்லன்னு உம்மாட்ட சொல்லிரு" என்றார் வாப்பா.

உம்மா கதவருகில்தான் நின்றார். மெக்கானிக்குக்குச் சொல்வதுபோல ஒரு தேங்க்ஸ் சொன்னார். வாப்பா கருவிகளைத் துடைத்துப் பையில் வைக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார். ஒரு ஸ்பேனரை மட்டும் கராஜ் அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் போனில், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டேன். கார்தான் சரியாகிவிட்டதே என்றார் வாப்பா. எனக்கு அழுகை வந்துவிட்டது. உம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்து, பிறகு மறுபடி கேட்டது.

வெள்ளிக்கிழமை மாலை, வாப்பா கூப்பிடும் முன்பே உம்மா அவர் நம்பரைப் போட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகலன்னு வாப்பாட்ட சொல்லு."

அன்று மதியம் அந்தக் காரில்தான் ஸ்கூலிலிருந்து வந்திருந்தோம். ஆனால் பழைய கார், எப்போது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? நான் சொன்னேன். அதற்குச் சான்ஸே இல்லையே என்றார் வாப்பா. அவருடைய ரிப்பேர் தோற்றுப்போனதே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சைக்கிளை எடுக்க கராஜுக்குப் போனேன். உம்மா பானெட்டைத் திறந்து குனிந்திருந்தார். கையில் அந்த ஸ்பேனர், எதையோ திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"டைட்டா இருக்கான்னு பாக்குறேன்" என்றார்.

பத்து மணிவாக்கில் வாப்பா வந்தார். சாவியைத் திருப்பினார்; டிக் என்றுகூடச் சத்தம் வரவில்லை. பானெட்டைத் திறந்தவர் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. பேட்டரியின் மைனஸ் பக்கத்துக் கிளாம்பைத் தொட்டார், அது கையோடு வந்துவிட்டது.

"இத யாரும்மா தொட்டா?"

உம்மாவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. உம்மா காலையிலேயே எழுந்து வந்து டைட் பண்ணினார் என்று பெருமையாக இங்கிலீஷில் சொன்னேன்.

"எந்தப் பக்கம் திருப்புனாங்க, பாத்தியா?"

ஸ்பேனரை எடுத்து, உம்மா செய்தபடியே திருப்பிக் காட்டினேன்.

"லெஃப்ட்" என்றேன்.

இடப்பக்கம் திருப்பினால் நட்டு கழலும், வலப்பக்கம் திருப்பினால்தான் இறுகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வாப்பா கழன்ற கிளாம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அப்புறம் பானெட்டைக்கூட மூடாமல், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

ரவுண்ட் ராக் வேலையை வாப்பா உம்மாவிடம் கேட்காமலே ஒப்புக்கொண்டார் என்பதும், வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த வேலையை விட்டு வரமாட்டேன் என்று உம்மா சொல்லிவிட்டார் என்பதும், அதன்பின் ஊரில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பேசி, பிரிந்துவிடுவது என்று அநேகமாக முடிவாகிவிட்ட நிலையில்தான் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகு உம்மா சொல்லித் தெரிந்தவை. அந்த வருடக் கடைசியில் வாப்பா ஹூஸ்டனிலேயே வேறு வேலை பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். முன்னதைவிடச் சின்ன வேலை.

ஆனால் அந்தக் காலையில் நான் கராஜில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே குழாய் திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் கத்தல் கிடையாது, இப்படித்தான் சத்தமே இல்லாமல் போய்விடும். இவ்வளவு நேரம் சத்தமில்லாமல் ஒருநாளும் இருந்ததில்லை. இது பெரிய சண்டைதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. உம்மா ஏதோ தப்பாகத் திருப்பிவிட்டார், நான் போய் அதைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். 'ரைட்' என்று சொல்லியிருக்கலாமே என்று அழுதுகொண்டே நின்றேன்.