தவிட்டுக்குப் போன பிள்ளை

1991-ல் எனக்குப் பெண் பிறந்தாள். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் பால் சுரக்கும், கண் கலங்கும், பட்ட வலியெல்லாம் மறந்துபோகும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பால் சுரந்தது. மற்றது எதுவும் நடக்கவில்லை. பக்கத்தில் கிடத்தினார்கள். யார் வீட்டுக் குழந்தையோ என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

எனக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் புருஷன் வீட்டிலேயே ஆயிற்று. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், அப்போது நெல்லும் வேர்க்கடலையும் மட்டும் விளைந்த ஊர். அவர் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். ஷிப்ட், ஓ.டி. என்று போனால், வீட்டுக்கு வருவது தூங்குவதற்குத்தான். வீட்டில் மாமியாரும் ஓரகத்தியும் நானும். ஓரகத்தி, அவருடைய அண்ணன் மனைவி. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. என் வளைகாப்பில் எனக்கு வளையல் போட வந்தவளை, "நீ தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டார்கள். அவள் அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் சோறு வடித்தாள். அன்றைக்கு அவளுக்காக அழுதவள் நான் ஒருத்திதான்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. சோறு வாயில் மண்ணாக இருந்தது. குழந்தை அழுதால் எழுந்து எங்காவது ஓடிவிடத் தோன்றும். குளிப்பாட்டும்போது கைதவறித் தண்ணீரில் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் தொடவே மாட்டேன். காரணமில்லாமல் அழுகை வரும். அழுவதற்கு மட்டும் உடம்பில் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ.

"பொட்டப் புள்ளன்னு அழுவுறியா? நானே ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னாடி வந்துது?" என்றார் மாமியார்.

பெண்ணானால் என்ன, ஆணானால் என்ன, எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாமல் ஒருநாள் வேறொன்றைச் சொல்லிவிட்டேன். குழந்தை மடியில் வீரிட்டுக்கொண்டிருந்தது. "இத யாராவது எடுத்துக்கினு போயிடுங்க, என்னால ஆவல" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பொழுது சாய்வதற்குள், பெற்ற பிள்ளையையே வேண்டாம் என்றவள் என்று தெருவெல்லாம் பேச்சு.

பூசாரி வந்தார். வேப்பிலையால் அடித்தார். என்மேல் ஏதோ நிற்கிறது, அது பிள்ளையைக் கேட்கிறது என்றார். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டால் அது ஏமாந்து போய்விடுமாம். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி உண்டு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போகிற வீட்டில், அடுத்துப் பிறப்பதைத் தவிட்டுக்கு விற்பார்கள். வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்குவாள். பிள்ளை அவளுடையது என்று எமனும் நம்பிப் போய்விடுவானாம். விற்ற பிறகும் பெற்றவள்தான் பால் கொடுப்பாள், பெற்றவள்தான் வளர்ப்பாள். பேருக்குத்தான் விற்பனை.

என் பிள்ளை சாகவில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். வியாதி எனக்கு. ஆனால் வைத்தியம் அவளுக்குச் செய்தார்கள். குழந்தையை முறத்தில் கிடத்தி என் கையில் கொடுத்தார்கள். ஓரகத்தி நடைக்கு வெளியே ஒரு மரக்கால் தவிட்டோடு நின்றாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். வளைகாப்பில் தள்ளி நிற்கச் சொன்ன அதே வாய்கள் அவளை முன்னால் கூப்பிட்டன.

"வித்தேன்னு சொல்லு" என்றார் மாமியார்.

சொன்னேன். அன்றைக்கு என்ன சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

தவிட்டை மாட்டுக்குக் கரைத்து வைத்தார்கள். மாடு குடித்துவிட்டுத் தொட்டியை நக்கியது.

பேருக்கு விற்ற பிள்ளையை என்னிடம் திரும்பக் கொண்டுவரவில்லை. பைத்தியத்தின் பால் பிள்ளைக்கு ஆகாது என்று பவுடர் பால் கரைத்துக் கொடுத்தார்கள். எனக்கு மார்பு கட்டிக்கொண்டு கல்லாக வலித்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஊரில் எல்லோரும் தலையில் வைத்துக்கொள்கிற பூ. எனக்கு அந்த வாசனை வந்தாலே குமட்டும், இன்றைக்கும்.

நோய் எப்படி வந்ததோ அப்படியே போயிற்று. மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒருநாள் ரசத்தில் உப்புக் கூடுதல் என்று தெரிந்தது. அவ்வளவு நாளும் எனக்கு உப்பே தெரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கையைக் கழுவிவிட்டு நேரே ஓரகத்தியிடம் போனேன். குழந்தை அவள் இடுப்பில் இருந்தாள். தவழ ஆரம்பித்திருந்தாள்.

"கொடுக்கா, நான் தூக்கிக்கிறேன்."

அவள் ஓரடி பின்னால் வைத்தாள். குழந்தை என்னைப் பார்த்து அழுதது.

மாமியார் வந்துவிட்டார். "வித்தத திருப்பிக் கேட்டா புள்ளைக்கு ஆவாது. நீதான எடுத்துக்கினு போவச் சொன்ன?"

புருஷனிடம் போய் அழுதேன். "அண்ணிகிட்ட நல்லாத்தான கீது? ஒரே வூடு, ஒரே அடுப்பு. நமக்கு வேற பொறக்காதா இன்னா?" என்றார். அடுத்த நாள் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். வேறு பிறக்கவில்லை. மறுபடியும் அப்படி ஆகிவிட்டால் என்ற பயத்தில் நான் இடம் கொடுக்கவில்லை.

பெற்ற மனம் பித்து என்பார்கள். உண்மையில் பித்துப் பிடித்துக் கிடந்த நாட்களைத் தவிர மற்ற எல்லா நாளும் நான் அவளுக்காக ஏங்கினேன். அதே வீட்டில், அதே அடுப்பில் சமைத்து, அவளுக்குச் சோறு போட்டேன். அவள் அம்மா என்று கூப்பிட்டால் ஓரகத்தி திரும்புவாள். நான் சித்தி. ஊருக்கெல்லாம் தெரியும், அவளுக்கும் ஒரு வயதில் தெரிந்துவிட்டது. யாரும் வாய் திறந்ததில்லை. ஓரகத்தியை நான் வெறுத்தேனா என்று கேட்டால், ஆமாம், வெறுத்தேன். நன்றாக வளர்த்தாள் என்பதற்காகவும் சேர்த்து வெறுத்தேன்.

நிலமெல்லாம் கம்பெனியான பிறகு, என் பெண் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துக் கல்யாணமும் ஆயிற்று. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளை எட்டிப் பார்த்தேன். குழந்தை அழுகிறது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஓரகத்தி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடலாம் என்றாள். "எவனும் வேப்பிலைய எடுத்துக்கினு இந்த வூட்டுக்குள்ள வரக் கூடாது" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது பிள்ளையை எடுத்துப்போகச் சொன்ன நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையோடு ஷேர் ஆட்டோவில் கூட்டிப் போனோம், ஓரகத்தியும் நானும். டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். கர்ப்பத்தில் உடம்பில் ஏறியிருந்த ஹார்மோன் எல்லாம் பிரசவமானதும் மளமளவென்று இறங்கிவிடுமாம். அதோடு தூக்கமும் கெட்டு, உதவியும் இல்லையென்றால் சிலருக்கு மனசும் படுத்துவிடுமாம். மாத்திரை இருக்கிறதாம். குழந்தையைப் பிரிக்க வேண்டியதில்லையாம். இவ்வளவுதானா? என் பிள்ளை போனது இவ்வளவுக்குத்தானா?

"உங்க அம்மாவுக்கு இந்த மாதிரி வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டாள்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் வரலியே" என்றாள் ஓரகத்தி.

என் பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சித்திக்கு வந்துது."

"சித்திய கேக்கலம்மா. பெத்தவங்களுக்கு வந்துதா?"

"பெத்தவங்களுக்குத்தான் வந்துது."

டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓரகத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. நான் பெற்றவள்தான் என்று என் பெண் வாயால் சொல்லக் கேட்க இத்தனை வருஷம் ஆயிற்று. அதையும் ஒரு வியாதிக்கு விலாசமாகத்தான் சொன்னாள்.

மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஆட்டோவில் அவள் முதலில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு எனக்குக் கை நீட்டினாள்.

"பாத்து ஏறுங்க சித்தி."