நெல்லுக்கு ஒதுங்கிய கார்

போன செவ்வாய்க்கிழமை டவுனில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். என் பழைய கிளைம் படிவத்தைத் திறந்த கவுண்டர் மிஸ், கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, பாதையில தடை எண்ட இடத்துல 'நெல்' எண்டு எழுதியிரிக்கி?"

"ஓம் மிஸ். நெல்லுதான்."

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்குக் கதை தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாக... போன அறுவடை நேரம் உன்னிச்சை ரோட்டில் கார் ஓட்டி வந்துகொண்டிருந்தேன். லைசன்ஸ் கைக்கு வந்து நாலு மாதம். ரோட்டின் முக்கால்வாசிக்குப் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். நெல்லின் மேல் டயரை ஏற்ற மனம் வரவில்லை. ஒதுங்கினேன் — மதகுச் சுவரில் போய் இடித்தேன். பிரேக் என்று ஒன்று இருப்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

நெல் கிளறிக்கொண்டிருந்த பெண் ஓடி வந்தார்.

"உனக்கு ஒண்டும் இல்லையே புள்ள? என்னத்துக்கு ஒதுங்கின? மேலால ஏத்திட்டுப் போயிருக்கலாமே. எல்லாரும் அப்பிடித்தான் போறாங்க."

இதை இடிக்க முதல் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

கார், என் கணவர் கட்டாரில் உழைத்து, மாதத் தவணை கட்டும் லீசிங்கில் எடுத்துத் தந்தது. லீசிங் காருக்கு முழு இன்சூரன்ஸ் கட்டாயம். பழையது முடிந்துவிட்டதால், புதியது கிடைக்கும்வரை கார் கல்லடியில் எங்கள் வாசலில் சும்மா நின்றது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர் இந்தக் காரை வீடியோ கோலில்தான் பார்த்திருக்கிறார். ஒரு நாள்கூட ஏறி இருந்ததில்லை.

"லீவுல வரக்குள்ள நீதான் ஸ்டேசனுக்கு வரணும். நீ ஓட்டு, நான் பக்கத்துல இருந்து வாறன்" என்று ஒன்றரை வருடமாகச் சொல்கிறார்.

ரயில் ஸ்டேசனில் இருந்து வீட்டுக்கு ஓட்டோ பிடித்தால் கொஞ்ச நேரப் பயணம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் இவ்வளவு பாடும். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது அவர் கண்ணாடியை இறக்குவார். வாவிக் காற்று உள்ளே வரும். நான் கியர் மாற்றத் தடுமாறுவேன், அவர் சிரிப்பார்... வாசலில் நிற்கிற காரில் உட்கார்ந்தபடியே இந்தப் பயணத்தை எத்தனை தடவை போய்வந்துவிட்டேன்.

மிஸ் விரல் மடித்து எண்ணினார். "வயசு இருபத்திநாலு. லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருசமும் ஆகல்ல. மறுகா கிளைமும் ஒண்டு. மூண்டும் சேர்ந்தா மேலிடம் யோசிக்கும்."

"ஓட்டுறவர் எண்டு அவர்ர பேரைப் போட ஏலாதா மிஸ்?"

"ஓட்டுறது ஆரு?"

"நான்தான்."

"அப்ப உங்கட பேரைத்தான் போடணும்."

நியாயம்தானே. கட்டாரில் இருந்து ஸ்டியரிங் எட்டாது.

கடைசியில் ஒரு வழி சொன்னார். கட்டணம் கூடும். இன்னொரு தரம் இடித்தால் செலவில் முதல் பங்கு என் கைக்காசு. சம்மதித்தேன். கையெழுத்து வாங்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானெண்டாலும் ஒதுங்கித்தான் இரிப்பன், தங்கச்சி. கம்ப்யூட்டருக்கு அது விளங்காது."

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் பேப்பர் கைக்கு வந்தது. காரைக் கழுவித் துடைத்துவிட்டு, பேப்பரைக் காட்ட அவருக்கு வீடியோ கோல் எடுத்தேன். நான் பேசி முடித்த பிறகுதான் அவர் சொன்னார்.

"லீவைத் தள்ளிப் போட்டுட்டாங்க. இன்னும் நாலு மாசமாம்."

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது. "பரவாயில்ல, அதுக்குள்ள கியர் மாத்தப் பழகிருவன்" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இங்கே, எனக்குப் பக்கத்தில் கேட்க வேண்டும் போல் இருந்தது.

ஓட்டுகிறவரைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட படிவம், பக்கத்து சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் — ஆள் வரும்வரை காலி.