மாமா சொந்தம் கொண்டாடிய மணல்

துறைமுகத்துக்கு வடக்கே இருந்த அத்தை வீட்டைக் கடல் கொண்டுபோன வருஷம், மாமா வலையோடு கட்டுமரத்திலும், அத்தை சட்டிபானைகளோடும் இரண்டு பிள்ளைகளோடும் கால்நடையாகவும் மயிலாப்பூர்க் கடலோரத்தில் எங்கள் குப்பத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எனக்கு எட்டு வயது. எங்கள் குடிசையில் பாதியை அவர்களுக்கு விட்டாயிற்று. நான் படுக்கும் மூலையும் அந்தப் பாதியில்தான் இருந்தது. ஆகவே அவர்கள் மேல் எனக்கு எவ்வளவு பாசம் பொங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியூர்க்காரர் எங்கள் கரையில் தொழில் செய்யக் குப்பத்துத் தலைவரான நாட்டார் சம்மதிக்க வேண்டும். அதுவரை கட்டுமரத்தைக் கட்டக் கூடாது. அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுவிட வேண்டும். மாமாவின் மரங்கள் பதினைந்து நாளாக அப்படியே கிடந்தன. இருக்கிற மீனே நமக்குப் போதவில்லை என்று ஊரில் பாதிப்பேர் முனகினார்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் மாமா துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அந்தப் பேச்சு வந்தாலே அத்தை எழுந்து வெளியே போய்விடுவாள்.

எங்கள் கரையோ வருஷத்துக்கு வருஷம் அகன்றுகொண்டே போனது. மீன்கூடையோடு சுடுமணலில் கூடுதலாக நடக்க வேண்டியிருந்த அம்மாவுக்கு அது எரிச்சல். நானோ சாமி எங்களுக்கென்றே பிரியமாகக் கொடுப்பதாக நினைத்து ஓடி விளையாடினேன். ஒருநாள் மாமா அங்கே ஒரு கை மணலை அள்ளிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எங்க மண்ணு. எங்க மண்ணு மேலதான் நீங்க குந்திக்கினு கீறீங்க” என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. மூலை போயிற்று, இனி கரையும் போகுமா?

மறுநாள் மத்தியானம் மாமா விஷயத்தைப் பேச நாட்டாரும் பெரியவர்களும் வலை உலர்த்தும் இடத்தில் கூடினார்கள். அப்பாவும் மாமாவும் கைகட்டி நின்றார்கள். சபை கூடினால் பெண்பிள்ளைகள் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. நான் நேராக நடுவில் போய் நின்றேன்.

“நாட்டார் தாத்தா, இந்த மண்ணு பூரா அவுருதுன்னு மாமா சொல்லிக்கினு கீறாரு!”

அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமா குறுக்கே விழுந்து தடுத்தார்.

“அடிக்காத மச்சான். நான்தான் சொல்லி அனுப்புனேன். எனக்குக் கேக்க வாய் வரல.”

“சபைக்குப் பொம்பளப் புள்ளைய அனுப்புவியா? வந்த எடத்துல இன்னா மரியாதை இது?” என்று நாட்டார் சீறினார். “உய்ந்து கும்புடு.”

மாமா அத்தனை பேர் முன்னாலும் மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார்.

“இப்ப சொல்லு. இன்னா மண்ணு?”

மாமா மெல்லச் சொன்னார். தெற்கேயிருந்து நீரோட்டத்தோடு மணல் வருகிறது. துறைமுகத்துக் கல்சுவர் அதை மறிக்கிறது. மறித்ததெல்லாம் இந்தப் பக்கம் சேர்கிறது. சுவருக்கு வடக்கே கடல் அள்ளிக்கொண்டு போனால் ஈடுகட்ட மணல் வருவதில்லை; போனது போனதுதான்.

“எங்களுக்கு வர வேண்டிய மண்ணு இங்க நின்னுபோச்சு நாட்டாரே. அதுல ஒரு குடிசைக்கு எடம் குடுத்தா போதும்.”

நாட்டார் காலடி மணலைப் பார்த்தார், தூரத்தில் புரண்ட அலையைப் பார்த்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அலை வந்து அடித்த இடத்தில்தான் அன்று சபையே உட்கார்ந்திருந்தது.

“நாளைக்கு மரத்தக் கட்டு” என்றார்.

பிற்பாடு அப்பா காய்ச்சலில் விழுந்து மாதக்கணக்கில் கடலுக்குப் போக முடியாதிருந்தபோது, மாமா கொண்டுவந்த மீனில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் என் கை தானாகக் குவிகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு ஒரே ஆத்திரம். மணலைத்தான் தன்னுடையது என்றார். இப்போது நான் சொன்னதையும் தான் சொல்லி அனுப்பியது என்கிறாரே! நேராக அத்தையிடம் ஓடினேன்.

“அத்தே, மாமா பொய் சொல்றாரு. என்னை யாரும் அனுப்பல. நானாத்தான் போனேன். அவுரு ஏன் உய்ந்து கும்புட்டாரு?”

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அவளுக்கும் மாமா மேல் கோபம் போலிருக்கிறது என்று எண்ணி, எனக்கு ஒரு துணை கிடைத்த திருப்தியில் அப்படியே தூங்கிப்போனேன்.