நான் போகாத மூலை

எங்கள் மலையூரான கவுஞ்சியில் என்னிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாருமில்லை. பஸ் கண்டக்டரிலிருந்து பூண்டு வியாபாரி வரை எல்லாரையும் வாயடைக்க வைத்தவள் நான். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு நாள், சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விழுங்கினேன். அதை நினைத்து நினைத்துத்தான் இப்போது செத்துக்கொண்டிருக்கிறேன்.

மலைச்சரிவில் எங்கள் தோட்டம் இரண்டு அடுக்கு. மேலடுக்கு எனக்கு, கீழடுக்கு என் கொழுந்தன் மனைவிக்கு. கொழுந்தன் தவறிப்போன பிறகு அவளுக்கென்று இருப்பது அந்த ஓர் அடுக்குதான். மூன்று வருஷமாக உரமூட்டையைத் தொடாமல், ஆட்டுப்புழுக்கையும் சருகும் போட்டு அந்த மண்ணைத் தேற்றியிருந்தாள். கையை வைத்தால் பொதுக்கென்று உள்ளே இறங்கும். "அக்கா, மண்புழு வந்திருச்சு, வந்து பாருங்க" என்று வெள்ளனே வந்து என்னை இழுத்துக்கொண்டு போவாள். கண்றாவி, புழுவைப் பார்க்கவா இந்தக் குளிரில் எழுப்புகிறாய் என்று திட்டிக்கொண்டே நானும் போவேன்.

மண் அரிக்காமலிருக்க வழி செய்து தரும் ஓர் அமைப்பிலிருந்து கோடையில் ஒருவர் வந்தார். என் கையில் போனைக் கொடுத்தார். "எல்லையோரமா நடந்து வாங்கம்மா. மூலைக்கு மூலை நின்னு பட்டனை அமுக்குங்க. ஊத்து, ஓடை எது இருந்தாலும் அங்கயும் அமுக்குங்க. அதை வச்சுத்தான் வாய்க்கால் எங்க வெட்டலாம்னு மேப்புல பார்ப்போம்" என்றார். மழைத்தண்ணீர் ஓடிவிடாமல் தேக்கி, மெதுவாக மண்ணுக்குள் இறக்கும் வாய்க்கால் அது.

என் அடுக்கின் மேல்மூலையில் ஓர் ஊற்று உண்டு. பக்கத்திலேயே கன்னிமார் கல். கோடையில் அங்கே பச்சைப்புல் மட்டும் தெரியும், ஐப்பசி மழையில்தான் தண்ணீர் பொங்கும். மாதவிலக்கு நாளில் எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அந்தக் கல் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டோம். அன்று எனக்கு இரண்டாம் நாள்.

வெளியூர் ஆம்பளை எதிரே நிற்கிறார். ஊற்று உண்டென்றால் போய் அமுக்கச் சொல்வார்; போகாததற்கு அவரிடம் என்ன காரணம் சொல்வது? கொழுந்தன் மனைவி கீழ் வரப்பில் தன் முறைக்காகக் காத்து நின்றாள். நான் கல்லுக்கு வெகுமுன்பே குறுக்கே திரும்பி, நின்ற இடத்திலேயே பட்டனை அமுக்கினேன்.

"அவ்வளவுதானாம்மா? ஊத்து ஏதும் இல்லையே?"

"அவ்வளவுதாங்க" என்றேன்.

மேப்பில் பார்த்து, என் அடுக்கில் வாய்க்கால் வெட்ட வேண்டிய இடத்தில் அடையாளக் கொடி நட்டார்கள். கொழுந்தன் மனைவிதான் முதலில் கேட்டாள். "என்னக்கா, ஊத்துக்கு நேர் கீழ வருதே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "மேலருந்து சாட்டிலைட்டு பாத்துப் போட்டது ஆத்தா. நமக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியாமப் போயிருமா? வெரசாச் சோலியப் பாரு" என்று அதட்டினேன். அவள் நம்பினாள். பாதி வாய்க்காலை அவள்தான் வெட்டினாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடிகாலையில் லாரி மண்ணைக் கொட்டுவது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஊற்றும் மழையும் சேர்ந்து வாய்க்காலில் தேங்கி, ஊறிய கரை அப்படியே சரிந்திருந்தது. என் அடுக்கில் ஒரு மூலைதான் போயிருந்தது. அவளுடைய அடுக்கு மொத்தமும் பள்ளத்தில் கிடந்தது. அவள் மழையில் உட்கார்ந்து, ஊன்றிய பூண்டைச் சேற்றுக்குள் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் வாயில் மண்ணைப் போட்டவள் நான் அல்லவா?

"மேப்புக்காரன் குடியைக் கெடுத்துட்டான்" என்று ஊரே பேசியது. பாவி, நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன்.

பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். கொழுந்தன் மனைவி ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடிக்காத குறை. அவர் போனை அவளிடம் நீட்டினார். "பாருங்கம்மா, இதுல ஊத்தே இல்லையே. இருந்தா நான் இங்க வெட்டச் சொல்லுவேனா?" என்றார்.

இதற்கு மேல் முடியவில்லை. அவர் நிற்கிறார் என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன். அன்று எனக்கு விலக்கு, அந்த மூலைக்கு நான் போகவே இல்லை என்று.

என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் கீழதான நின்னேன்? ஒரு குரல் குடுத்திருந்தா ஓடியாந்து அமுக்கிருப்பேனேக்கா" என்றாள்.